வடக்கே ஏறும் கோடு

குரிச்சிபாவிலிருந்து வரைபடம் அனுப்பியிருந்தார்
எவால்டோ கொமின்ஸ்கி.
இருபது ஆண்டு, ஐந்து வட்டாரம், ஐந்து கோடு.
இரத்தப் புற்றில் இறந்த பிள்ளைகள்,
லட்சத்துக்கு இத்தனை பேர் என்று.

தெற்கின் கோடு
ஆஸ்பத்திரிச் சாய்தளத்தில் இறக்கும் சக்கர நாற்காலிபோல
அவசரமில்லாமல் கீழே வருகிறது.
எங்கள் கோடு ஏறுகிறது.
"என்னதான் செய்கிறீர்கள் அங்கே?"
அடியில் ஒரு வரி.
கேலி இல்லை, தெரியாமல்தான் கேட்டிருந்தார்.

என்ன செய்கிறேன்.
பெலேமில், மூன்றாம் மாடியில்,
ஒழுகும் ஏசிக்கு அடியில் வாளி வைத்துவிட்டு
இறப்புச் சான்றிதழ்களுக்கு எண் போடுகிறேன்.
மருத்துவர் கிறுக்கிய சொல்லை
ஓர் எழுத்தாகவும் சில இலக்கங்களாகவும் ஆக்குவது என் சம்பளம்.
நெஞ்சடைப்புக்கு ஒன்று, பாம்புக்கடிக்கு ஒன்று,
படகு மோட்டாரின் தண்டில் கூந்தல் சிக்கியவளுக்கும் உண்டு.
ஒன்றும் தெரியாதபோது போடவும்
ஓர் எண் இருக்கிறது: ஆர் 99.
என் விசைப்பலகையில்
முதலில் தேய்ந்துபோனவை அந்த மூன்று விசைகள்.

மார்ச்சில் ப்ரேவெஸிலிருந்து ஒரு தாள்.
ஆதெமில்சன், ஆறு வயது.
காய்ச்சல். காரணம் அறியப்படவில்லை.
கையெழுத்து ஈரத்தில் கலைந்திருந்தது.

அன்று ஏனோ தட்டவில்லை.
போனை எடுத்தேன்.
செவிலி வால்டெனோரா மூன்றாவது முயற்சியில் கிடைத்தாள்,
அவள் பின்னால் மழை,
அல்லது மழைமாதிரி ஜெனரேட்டர்.

முதலில் மலேரியா மாத்திரை கொடுத்தோம் என்றாள்,
இரண்டு தடவை.
காலெல்லாம் ஊதாப் புள்ளி.
அசாயிப் பழம் பழுக்கிற பருவம்,
பிள்ளைகள் எல்லாருக்குமே வாயும் கையும் ஊதாதான்.
அம்மாக்காரி சோப்பு போட்டுத் தேய்த்திருக்கிறாள்.
போகவில்லையென்று நார் போட்டும் தேய்த்திருக்கிறாள்.
நாலாம் நாள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள்.
பெலேமுக்குப் படகு மறுநாள் சாயங்காலம்.
அவனுக்கு மறுநாள் மத்தியானம் வரைக்கும்தான்.

பேச்சு நின்றது.
வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

கண்ணாடித் தகடு இருக்கிறது, எறியவில்லை.
மலேரியாவுக்காக எடுத்த இரத்தம்.

அசாயிக் கூடைகளோடு வந்து சேர்ந்தது,
மார்கரின் டப்பாவில், செய்தித்தாள் சுற்றி.
டாக்டர் இராசெமா உருப்பெருக்கியிலிருந்து விலகி
என்னையும் பார்க்கச் சொன்னாள்.
சாயம் ஏற்றியதில் அங்கேயும் ஊதா:
முற்றாத வெள்ளணுக்கள்,
திருவிழாப் படகில் ஏறியவர்கள் மாதிரி
இடமே விடாமல்.
ஒட்டுண்ணியைத் தேடியவர்கள் ஒட்டுண்ணியைத் தேடி,
இல்லையென்று எழுதி,
விளக்கை அணைத்திருக்கிறார்கள்.

ஆர் 99-ஐ அழித்தேன். சி 91.
வடக்கின் கோடு ஒரு முடியளவு ஏறியது.
ஏற்றியது நான்.

எவால்டோவுக்கு எழுதினேன்:
உங்கள் கோடு இறங்குவதற்கு மருந்து காரணம்,
எங்கள் கோடு ஏறுவதற்குக் கொஞ்சம் நானும் காரணம்.
முன்பும் இறந்தார்கள்.
தாளில் காய்ச்சலாக இறந்தார்கள்.
எல்லாமே அப்படித்தான் என்று சொல்லமாட்டேன்,
ஏறியதில் எவ்வளவு பெயர், எவ்வளவு பிள்ளை என்று
பிரித்துக் காட்டும் அளவுகோல் என்னிடம் இல்லை.
உங்களிடம் இருந்தால் அனுப்பவும்.

அனுப்பவில்லை.
"புரிகிறது" என்று ஒரு சொல் வந்தது,
இரண்டு நாள் கழித்து.

திருத்திய சான்றிதழை
வால்டெனோராவே படகில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.
வீட்டுக்குக் கீழே ஆறு ஏறியிருந்ததாம்.
அம்மாக்காரி தாளை வாங்கி,
படிக்கத் தெரியாததால் திருப்பிக் கொடுத்து,
வாசிக்கச் சொல்லிக் கேட்டாளாம்.
நோயின் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாளாம்.

அப்போது அது கறை இல்லையா என்றாளாம்.

பிறகு,
நார் போட்டுத் தேய்த்தேனே,
வலித்திருக்குமா?

போனில் இதைச் சொன்னபோது
மழையும் இல்லை, ஜெனரேட்டரும் இல்லை.
எனக்கு எதுவும் சொல்ல வரவில்லை.
வாளி நிரம்பி வழிந்திருந்தது.
கொட்டிவிட்டு வந்து
ஏப்ரல் கட்டைப் பிரித்தேன்.